சாம்பலாக ஊர் திரும்பியவர்

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் ஈஸ்ட் கோக்கர் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் புனித மிக்கேல் ஆலயத்தின் உட்சுவரில் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கவிஞர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுமாறு அது வருவோரை வேண்டுகிறது. அக்கவிஞர் அவ்வூரில் பிறந்தவரும் அல்லர், வாழ்ந்தவரும் அல்லர். பதினேழாம் நூற்றாண்டில் ஆந்திரூ எலியட் என்னும் காலணி செய்யும் தொழிலாளி அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்றார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1965இல், அவர் வழிவந்த தாமஸ் ஸ்டேர்ன்ஸ் எலியட் சாம்பலாக அவ்வூர் வந்து சேர்ந்தார்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற நம் வாசகருள் பலர், டி. எஸ். எலியட்டின் 'பேராலயத்தில் கொலை' நாடகத்தைப் பாடநூலாகப் படித்திருப்பர். நாமும் அவ்வாறே படித்தோம். நான்கு சோதனைக்காரர்கள் யாவர், அவர்கள் காட்டும் ஆசைகள் யாவை என்று மனனம் செய்து தேர்வெழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அதை எழுதியவர் நாடுவிட்டு நாடு வந்து குடியேறியவர் என்பது எந்த வினாத்தாளிலும் இடம்பெற்றதில்லை. இங்கிலாந்தின் மண்ணில் முளைத்த மரம் என்றே அவரை எண்ணியிருந்தோம். பல்லாண்டுகள் கழித்து அவருடைய கவிதைகளையும் நாடகங்களையும் மீண்டும் வரிசையாகப் படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. தாம் அயலான் என்னும் உணர்வோடு அவர் எழுதிய இடங்களில் எழுத்து உயிர் பெறுகிறது. இது என் வீடு என்னும் உரிமைக் குரலில் பேசத் தொடங்கிய இடங்களில் அது சுருங்கிவிடுகிறது. இதையே இங்குச் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

எலியட் 1888 செப்டம்பர் 26ஆம் நாள், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில், ஏழு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை செங்கல் உற்பத்தி நிறுவனத்தின் தலைவர். தந்தைவழிப் பாட்டனார் யூனிட்டேரியன் சபையின் போதகர். அந்நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமானவர். மூவொரு கடவுள் கோட்பாட்டை ஏற்காத சபை அது. நற்செயலும் நல்லொழுக்கமும் அங்குப் போற்றப்பட்டன. பாவம், மீட்பு, அருளடையாளம் என்பன பின்னே தள்ளப்பட்டன. தாய் சார்லட் கவிதை எழுதுபவர். பிளாரன்ஸ் நகரில் எரிக்கப்பட்ட தொமினிக்கன் துறவி சவொனரோலாவைப் பற்றி அவர் எழுதிய நாடகக் கவிதைக்கு மகனே முன்னுரை எழுதி 1926இல் வெளிவரச் செய்தார். அதிகாரத்தோடு மோதி உயிரிழந்த குருவைப் பற்றித் தாய் எழுதினார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மகனும் எழுதினார். இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

சிறுவயதிலேயே அவருக்குத் தமது ஊர் எது என்பதில் தெளிவில்லை. கோடை விடுமுறையைக் குடும்பம் வடகிழக்கே மாசசூசெட்ஸ் கடற்கரையில் கழிக்கும். அங்கே அவர் தெற்கத்தியப் பையன். செயின்ட் லூயிஸிலோ வடக்கத்தியக் குடும்பத்துப் பிள்ளை. எங்கும் எதுவாகவும் தாம் இருந்ததில்லை என்னும் பொருள்பட 1928இல் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது.

புலம்பெயர்ந்தோர் என்றதும் பசிக்கும் போருக்கும் அஞ்சி, மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறியவரே நம் நினைவுக்கு வருவர். எலியட்டை எவரும் துரத்தவில்லை. ஹார்வர்டில் தத்துவம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் 1914இல் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. தப்பி லண்டன் வந்து ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். 1915 ஜூனில் பெற்றோருக்கு அறிவிக்காமல் விவியன் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டார். அதன்பின் திரும்பிப் போவது என்ற பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று. மகன் தன் வாழ்வைப் பாழாக்கிக்கொண்டான் என்ற எண்ணத்தோடே தந்தை 1919 ஜனவரியில் இறந்தார். அக்காலத்தில் மகன் லாயிட்ஸ் வங்கியின் அயல்நாட்டுப் பிரிவில் எழுத்தராக இருந்தார்.

வங்கி வேலைக்குப் போகும் அவரது கறுப்பு உடையும் குடையும் நண்பர் வட்டத்தில் நகைப்புக்கு இடமாயின. ஆங்கிலேயரைவிட ஆங்கிலேயராக விளங்க முயன்றார். ஆயினும் உள்ளுக்குள் ஏமாறவில்லை. பண்டைய ஏதென்ஸில் குடியிருக்கவும் வரி கட்டவும் உரிமை பெற்று, ஆனால் குடிமகன் என்னும் தகுதி பெறாத அயலாரை 'மெத்தொய்க்கோஸ்' என்பர். 1919இலேயே தம்மை அச்சொல்லால் குறித்துக்கொண்ட எலியட், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும், 1945இல், கிறிஸ்தவ இதழ் ஒன்றில் அதையே புனைபெயராக இட்டு எழுதினார்.

1922இல் வெளிவந்த 'பாழ்நிலம்' உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் வெறுமையைப் பாடியது என்பது பாடநூல் விளக்கம். அது தவறன்று. எனினும், காலைப் பனிமூட்டத்தில் லண்டன் பாலத்தைக் கடந்து அலுவலகம் செல்லும் கூட்டத்தை இறந்தோரின் ஊர்வலமாகக் காண ஓர் அயலானின் கண் வேண்டும். அந்நகரில் பிறந்தவனுக்கு அது பழகிப்போன காட்சி. அக்கவிதையில் பல மொழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒலிக்கின்றன. எதுவும் தன் வீட்டில் இல்லை. முடிவில் ஹார்வர்டில் கற்ற சமஸ்கிருதம் கைகொடுக்கிறது; பிரகதாரண்யக உபநிடதத்தில் இடிமுழக்கம் சொல்லும் மூன்று கட்டளைகளான ஈகை, இரக்கம், அடக்கம் ஆகியவை வறண்ட நிலத்தின்மேல் ஒலிக்கின்றன. மழை பெய்ததா என்று கவிஞர் சொல்லவில்லை. சொந்த மரபில் நீர் காணாதவர் கங்கைக் கரைவரை தேடிச் சென்றார் என்பது நம் நாட்டு வாசகருக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் அங்கும் அவர் தங்கிவிடவில்லை என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

1927ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் இரு வாயில்களைக் கொண்டது. ஜூன் 29ஆம் நாள், நம் பெரியவர்கள் இராயப்பர் சின்னப்பர் திருநாள் என்றழைக்கும் அந்நாளில், ஆக்ஸ்போர்டு அருகேயுள்ள பின்ஸ்டாக் சிற்றூர் ஆலயத்தில், கதவுகளை அடைத்துவிட்டு அவருக்குத் திருமுழுக்கு அளித்தார்கள். மறுநாள் ஆயரிடம் உறுதிப்பூசுதல் பெற்றார். நவம்பரில் பிரிட்டிஷ் குடிமகனானார். அவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் சபை. அதனுள்ளும் அருளடையாளங்களையும் பாவசங்கீர்த்தனத்தையும் போற்றும் ஆங்கிலோ-கத்தோலிக்கப் பிரிவு. உரோமைக்கு ஏன் வரவில்லை என்று நம்மவர் சிலர் ஆதங்கப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடாமலே அவரிடம் கற்றுக்கொள்ள நமக்கு ஏராளம் உண்டு.

இவ்விரு வாயில்களுக்கும் இடையே, அவ்வாண்டு ஆகஸ்டில், 'ஞானிகளின் பயணம்' என்னும் சிறு கவிதை வெளியாயிற்று. பெத்லகேம் சென்று வந்த மூன்று ஞானிகளுள் ஒருவர் முதுமையில் அப்பயணத்தை நினைவுகூர்கிறார். நம் குடில்களில் நிற்கும் பட்டாடை அரசர் அல்லர் அவர். குளிரையும், முரண்டு பிடித்த ஒட்டகங்களையும், அதிக விலை கேட்ட ஊர்களையும் பற்றி முணுமுணுக்கும் களைத்த மனிதர். குழந்தையைக் கண்டதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அவரது வேதனை திரும்பி வந்தபின் தொடங்குகிறது. அரண்மனை அதேதான், மக்களும் அதே மக்கள்தாம். ஆனால் பழைய தெய்வங்களைப் பற்றிக்கொண்டிருக்கும் அவர்களிடையே அவர் அயலாராகிவிட்டார். புதிய நம்பிக்கைக்குள் அப்போதுதான் நுழைந்த ஒருவர், சில மாதங்களில் புதிய நாட்டின் குடிமகனாகவிருந்த ஒருவர், வந்து சேர்ந்த மகிழ்ச்சியைப் பாடியிருக்கலாம். பாடவில்லை. திருமுழுக்கு மனிதனை ஒரு வீட்டில் சேர்ப்பதோடு, அதுவரை வீடாக இருந்தவற்றிலிருந்து வெளியேயும் நிறுத்துகிறது என்பதைக் கண்டுகொண்டார். பேதுரு தம் முதல் திருமுகத்தைச் சிதறுண்டு அந்நியராய் வாழ்ந்தோருக்கு எழுதினார் என்பதை நாம் வாசக நேரத்தில் கேட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். இக்கவிதையைப் படித்தபின் அவ்வாறு கடந்துபோவது கடினம்.

ஆனால் அடுத்த ஆண்டே, கட்டுரைத் தொகுப்பொன்றின் முன்னுரையில், தாம் இலக்கியத்தில் செவ்வியல் நெறியினர், அரசியலில் முடியாட்சி ஆதரவாளர், சமயத்தில் ஆங்கிலோ-கத்தோலிக்கர் என்று அறிவித்தார். புதிதாகக் குடியேறியவர் தம் அடையாளச் சீட்டுகளை எல்லாருக்கும் எடுத்துக் காட்டுவது போன்ற இவ்வறிவிப்பு, விவேகமற்றது என்று பின்னாளில் அவருக்கே தோன்றியது.

நாடகத்துக்கு அவரை அழைத்து வந்தது திருச்சபைதான். லண்டன் புறநகர்களில் புதிய ஆலயங்கள் கட்ட நிதி திரட்டுவதற்காக 1934இல் 'பாறை' என்னும் காட்சி நாடகத்துக்குப் பாடலும் உரையும் எழுதிக் கொடுத்தார். அதில் நிற்பவை குழுவினர் சேர்ந்து சொல்லும் கவிதைப் பகுதிகளே. அடுத்து, சிசெஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல்லின் வேண்டுகோளை ஏற்று, கான்டர்பரி விழாவுக்காக 'பேராலயத்தில் கொலை' எழுதினார். 1935 ஜூனில், பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டுண்டு வீழ்ந்த அதே பேராலய வளாகத்தில், குருக்கள் கூடிப் பேசும் மண்டபத்தில் அது அரங்கேறியது. இயக்கியவர் மார்ட்டின் பிரவுன். பெக்கெட்டாக நடித்தவர் கத்தோலிக்கராக மனம் மாறிய இராபர்ட் ஸ்பேட்.

கிறிஸ்து பிறப்பு எண்கிழமைக்குள், டிசம்பர் 29இல், நாம் நினைவுகூரும் மறைசாட்சி இவர். மன்னர் இரண்டாம் ஹென்றியின் நண்பராகவும் அமைச்சராகவும் இருந்து, பேராயரானபின் திருச்சபையின் உரிமைக்காக அவரோடு மோதி, 1164இல் பிரான்சுக்கு ஓடியவர். 1170 டிசம்பர் தொடக்கத்தில் திரும்பி வந்தார். மாதம் முடியுமுன் கொல்லப்பட்டார். எலியட் தேர்ந்துகொண்ட தருணம் எது என்று பாருங்கள். நட்பு முறிந்த காலமன்று, ஓடிப்போன இரவன்று. திரும்பி வந்த நாள். அயல்நாட்டில் ஆண்டுகள் கழித்த ஒருவர் வீட்டுக்கு வருகிறார். வீடு அவரைக் கொல்கிறது.

மேடையில் முதலில் தோன்றுவோர் கான்டர்பரியின் ஏழைப் பெண்கள். கூட்டுக்குரலில் பேசும் இவர்களைக் கிரேக்க நாடகத்திலிருந்து எடுத்ததாகச் சொல்வர். வடிவம் கிரேக்கம்தான், அச்சம் நம் தெருவினுடையது. பேராயர் திரும்பி வருவதை இப்பெண்கள் விரும்பவில்லை. வரியும் வறட்சியும் காய்ச்சலும் அவர்களுக்குப் பழகியவை. அவற்றோடு அரைகுறையாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு புனிதர் வந்தால் அந்த அரைவாழ்வும் கலைந்துவிடும். திரும்பிப் போய்விடுமாறு அவரைக் கெஞ்சுகிறார்கள். கோழைத்தனம் என்று அதைத் தள்ளிவிட நமக்குத் துணிவில்லை. நாடகம் முழுவதிலும் உண்மையில் வளர்ந்து மாறுவோர் இவர்களே. தம் அச்சமும் செயலின்மையும் அக்கொலையில் பங்குடையவை என்று முடிவில் ஏற்றுக்கொண்டு இரக்கம் வேண்டுகிறார்கள். அவர்கள் பேசும் பகுதிகளுக்கு இணையாக எலியட் வேறெந்த நாடகத்திலும் எழுதவில்லை என்பது நம் துணிபு.

நான்கு சோதனைகளைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். இளமையின் இன்பம், அமைச்சர் பதவி, பிரபுக்களோடு கூட்டணி ஆகிய மூன்றையும் பெக்கெட் எதிர்பார்த்திருந்தார். பாலைநிலத்தில் ஆண்டவருக்கும் மூன்றுதானே வந்தன. நான்காமவன் எதிர்பாராதவன். கல்லறையையும் அதைத் தேடி வரும் திருப்பயணியரையும், காலத்தை வென்ற புகழையும் அவன் காட்டுகிறான். மறைசாட்சியாக இற என்கிறான். பெக்கெட் முன்பு பெண்களைப் பற்றிச் சொன்ன சொற்களையே திருப்பி அவர்மீது வீசுகிறான். அவன் வெளியிலிருந்து வந்தவன் அல்லன் என்பது அப்போது விளங்குகிறது. சரியான செயலைத் தவறான நோக்கத்துக்காகச் செய்வது பெரிய துரோகம் என்று பெக்கெட் உணர்கிறார். திருச்சபைப் பணியில் இருக்கும் எவரும், பங்குப் பேரவையில் ஒரு நாற்காலி பெற்றவர் உட்பட, இவ்விடத்தைத் தாண்டிச் செல்லச் சற்று நேரம் பிடிக்கும்.

குறையும் இங்கேதான். இவ்வளவு பெரிய கண்ணியிலிருந்து பெக்கெட் எவ்வாறு விடுபட்டார்? அவர் மௌனமாக நிற்கிறார், பெண்கள் ஓலமிடுகிறார்கள், பின் தம் வழி தெளிந்துவிட்டது என்கிறார். உள்ளே நிகழ்ந்த போராட்டத்தை நாம் காணவில்லை. மனமாற்றத்தைத் திரைக்குப் பின் நடத்திவிட்டு முடிவை மட்டும் அறிவிப்பது நாடகம் ஆகாது. அடுத்து வரும் கிறிஸ்து பிறப்பு மறையுரை அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. எளிய உரைநடையில், ஒரே திருப்பலியில் பிறப்புக்கு மகிழ்வதும் இறப்புக்குத் துயருறுவதும் எப்படி ஒன்றாகின்றன என்று பேராயர் விளக்குகிறார். மறைசாட்சியை ஆக்குவது மனிதரின் திட்டமன்று, இறைவனின் திட்டம் என்கிறார். கொலை முடிந்ததும் நான்கு வீரர்கள் அவையோரை நோக்கி, அரசியல் கூட்டப் பேச்சாளரைப்போல், தம் செயலை நியாயப்படுத்துகிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்கும் நாம், ஓரிடத்தில் தலையசைத்துவிட்டதை உணர்ந்து திடுக்கிடுகிறோம். ஜெர்மனியில் அரசு திருச்சபையைத் தன் கைக்குள் அடக்க முனைந்திருந்த ஆண்டுகள் அவை. கேட்டவர்களுக்குப் பொருள் எளிதில் விளங்கியிருக்கும்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதி உண்மையாகிவிடும். 1933இல், ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த அதே ஆண்டில், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் எலியட் சொற்பொழிவாற்றினார். மரபு நிலைக்கவேண்டுமானால் ஒரே இனப் பின்னணியும் ஒரே சமயமும் கொண்ட மக்கள் வேண்டும் என்றும், சமய நம்பிக்கையற்ற யூதர் அங்குப் பெருந்தொகையில் இருப்பது விரும்பத்தக்கதன்று என்றும் பேசினார். 1934இல் நூலாகவும் வந்தது. யூதரை இழிவுபடுத்தும் வரிகள் அவருடைய முந்திய கவிதைகளிலும் உண்டு. அந்நூலை மறுபதிப்பிட அவர் பின்னர் இசையவில்லை. ஆனால் வெளிப்படையாக மறுத்துரைக்கவும் இல்லை. தமக்குத் திறந்துவிடப்பட்ட வாயிலில் நின்றுகொண்டு பிறரை எண்ணிப் பார்த்தவர், தாமும் அங்கு வந்தேறியவரே என்பதை மறந்தார். அவரைக் கான்டர்பரிக்கு அழைத்த ஆயர் பெல், நாசிகளுக்குத் தப்பி வந்த அகதிகளுக்காக அதே ஆண்டுகளில் வாதாடிக்கொண்டிருந்தவர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இல்லறத்திலும் காயம் உண்டு. நோயுற்ற விவியனை 1933இல் பிரிந்தார். 1938இல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட அவர் 1947இல் அங்கேயே இறந்தார். எமிலி ஹேல் என்னும் அமெரிக்கத் தோழிக்கு எலியட் எழுதிய 1,131 கடிதங்கள் 2020 ஜனவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் திறக்கப்பட்டன. காத்திருந்து ஏமாந்த இன்னொரு பெண்ணின் வாழ்வை அவை உலகறியச் செய்தன. தீர்ப்பிடுவது நம் வேலையன்று. எனினும், பாவமன்னிப்பு அவருடைய பிற்கால எழுத்தில் வெறும் கருத்தாக அன்றி இரத்தமும் சதையுமாக நிற்பதன் காரணம் இவ்வாறு ஓரளவு தெரிகிறது.

போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்கிடையே தீக்காவல் புரிந்துகொண்டே நிறைவுசெய்த நான்கு நெடுங்கவிதைகளுள் ஒன்றுக்கு ஈஸ்ட் கோக்கர் என்றே பெயரிட்டார். மூதாதையர் ஊரைத் தேடிச் சென்றவர் அதில் வீட்டைக் கண்டதாகச் சொல்லவில்லை. வீடு என்பது புறப்படும் இடம் என்றே காண்கிறார். அயலானின் குரல் மீண்டும் அங்கே ஒலிக்கிறது.

1948இல் நோபல் பரிசு பெற்றபின் வந்த நாடகங்களில் அக்குரல் மங்கிப்போயிற்று. விருந்தறையில் பேசிக்கொள்ளும் வசதியான ஆங்கிலேயரை அவர் நன்கறிந்தவர்போல் எழுதினார். 1949இல் எடின்பரோவில் அரங்கேறிய 'காக்டெயில் விருந்து' பெருவெற்றி கண்டது. அதில் சீலியா என்னும் இளம்பெண் எல்லாவற்றையும் துறந்து, செவிலியர் துறவற அமைப்பொன்றில் சேர்ந்து, கிங்கான்ஜா என்னும் கற்பனைத் தீவில் நோயுற்றோரை விட்டகல மறுத்து, சிலுவையில் அறையப்பட்டு இறக்கிறாள். உருக்கமான முடிவுதான். ஆயினும் மறைபரப்பு நாடு என்று பிறர் அழைத்த மண்ணில் பிறந்த நமக்கு, அதைப் படிக்கையில் மனம் ஒட்டவில்லை. அத்தீவு மக்களுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. குரங்குகளையும் கலவரத்தையும் பற்றிய கதையில் அவர்கள் பின்திரை. கான்டர்பரியின் ஏழைப் பெண்களுக்கு அத்தனை சொற்களைக் கொடுத்த கவிஞர், கிங்கான்ஜாவின் பெண்களுக்கு ஒரு சொல்லும் கொடுக்கவில்லை.

1951இல் 'பேராலயத்தில் கொலை' திரைப்படமாக வந்தது. எடுத்தவர் ஜார்ஜ் ஹொல்லரிங், ஆஸ்திரியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர். பெக்கெட்டாக நடித்தவர் கிழக்கு லண்டனின் ஏழைகளிடையே பணியாற்றிய அருட்பணியாளர் ஜான் குரோசர். முதல் மூன்று சோதனைக்காரரும் திரையில் தோன்றுகின்றனர். நான்காமவன் தோன்றுவதில்லை, குரல் மட்டும் கேட்கிறது. கல்லறையையும் புகழையும் காட்டி அழைக்கும் அக்குரலைக் கொடுத்தவர், அறுபதைக் கடந்து உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த எலியட். நிதானமான, தேர்ந்த ஆங்கிலேய உச்சரிப்பு. மிசிசிப்பிக் கரையின் சாயல் அதில் தேடினாலும் எளிதில் அகப்படாது.